கசகசாவின் சமதளம்

மசாலாப் பெயர்களில் அச்சுக்கு மிகவும் அடங்கியது கசகசா. மேலே கொக்கியும் இல்லை, புள்ளியும் இல்லை, கீழே இறங்கும் வாலும் இல்லை. நான்கு எழுத்தும் ஒரே கோட்டில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. பக்கத்துப் பாட்டிலில் சீரகத்தை ஒட்டிப் பாருங்கள். 'சீ'யின் சுழி தலைக்கு மேலே போகிறது, ரகரத்தின் கால் கீழே சரிகிறது, முடிவில் மகரத்தின் மேல் ஒரு புள்ளி. எழுத்துருவும் அளவும் ஒன்றுதான். ஆனாலும் கசகசா உட்கார்ந்திருக்கிறது, சீரகம் ஆடிக்கொண்டிருக்கிறது. வீட்டு பிரிண்டரில் சமையலறைக்கு லேபிள் அடிப்பவருக்குக் கிடைக்கும் முதல் இன்பம் இதுதான். தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பெயர்களுக்கு இப்படி ஒரு உருவம் இருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

கடுகைப் பெரிதாக்கிப் பாருங்கள், 36 புள்ளி அளவிலாவது. மூன்று எழுத்தில் இரண்டு உகரம், இரண்டும் இரண்டு விதம். டகரத்தில் அது அடிக்கோட்டிலிருந்து சுழித்து எழுகிறது; ககரத்தில் எழுத்தையே வளைத்துக்கொண்டு போகிறது. சோம்புக்கும் கிராம்புக்கும் வந்தால் மூன்றாவது விதம்: பகரத்தின் வலப்பக்கத்திலிருந்து நேராகக் கீழே இறங்கும் ஒரு கோடு. லேபிளின் கீழ் ஓரத்தில் போதிய இடம் விடாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்தக் கோடுதான். அது போனால் சோம்பு 'சோம்ப' ஆகிவிடும். ஆங்கிலப் பெயருக்கென்று வரைந்த ஆயத்த லேபிள் வடிவங்களில் தமிழ் மூச்சு முட்டுவது இதனால்தான். நமக்கு மேலேயும் வேண்டும், கீழேயும் வேண்டும்.

எழுத்துரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. விண்டோஸில் வரும் லதாவில் அடித்தால் மிளகாய்த்தூளுக்குக்கூட அலுவலகச் சுற்றறிக்கையின் முகம் வந்துவிடுகிறது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பவற்றை எடுத்துக்கொள்ளலாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரானுக்கு மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது கனங்கள் உண்டு. நடுவிலுள்ள ஒன்று சமையலறைக்குப் போதும். பலூ தம்பி கொழுகொழுவென்று இருக்கும், வெல்லத்துக்கும் முந்திரிக்கும் பொருந்தும். தாரிக் அஸீஸின் கவிவனார் பேனாவால் சாய்த்து எழுதியது போன்றது. ஊறுகாய் ஜாடிக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. நோட்டோ செரிஃபில் கோடு தடித்தும் மெலிந்தும் மாறுவதால் ஏலக்காய், ஜாதிக்காய் போன்ற விலை உயர்ந்த சரக்குக்கு ஒரு மிடுக்கு வருகிறது. எதை எடுத்தாலும் முதலில் வெந்தயத்தை அடித்துப் பாருங்கள். தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத செயலியில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். கொம்பும் இரண்டு புள்ளிகளும் தெளிவாக விழுந்தால் மற்றப் பெயர்களுக்குக் கவலை இல்லை.

நீளமான பெயர் வந்ததும் அதை மட்டும் சிறிதாக்கி நெருக்குவது பலருக்கு வழக்கம். வரிசையே கெட்டுப்போகும். எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும், நீளமானதை இரண்டு வரியாக்குங்கள். 'மஞ்சள்' மேலே, 'தூள்' கீழே என்று வந்தால் அழகாகவே இருக்கிறது. பெருங்காயத்தை மட்டும் உடைக்காதீர்கள். முதல் வரியில் 'பெருங்', அடுத்த வரியில் 'காயம்' என்று நின்றால் முதலுதவிப் பெட்டி போலாகிவிடும்.

தாள்: ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில் 24 லேபிள் கொண்டது 70 × 37 மில்லிமீட்டர்; பெரிய பாட்டிலுக்குச் சரி. 65 லேபிள் கொண்டது ஏறக்குறைய 38 × 21. சிறிய மசாலா பாட்டிலுக்கு அதுவே அளவானது. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசி வரிசையில் பெயர் பாதி இங்கே, பாதி அங்கே. முதலில் சாதாரணத் தாளில் ஒன்று அடித்து, ஸ்டிக்கர் ஷீட்டின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது உத்தமம். பாதி உரித்த ஷீட்டை மறுபடி பிரிண்டருக்குள் விடக் கூடாது. பசை உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

மையிலும் நயம் உண்டு. லேசர் அச்சில் டோனர் தூள் சூட்டில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்கிறது. ஈரக் கை பட்டாலும் கலையாது. இங்க்ஜெட்டின் சாய மை தண்ணீரில் கரையும், ஒரு சொட்டில் ஓமத்தின் புள்ளி பொட்டாகப் பரவிவிடும். மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டினால் தப்பிக்கும். இங்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் ஸ்டிக்கரை லேசரில் விட வேண்டாம், சூட்டில் உருகலாம். மஞ்சள் கறைக்கு மட்டும் பயப்பட வேண்டியதில்லை. பாட்டிலை வெயிலில் வைத்தால் மஞ்சளின் நிறம் தானே வெளுக்கும்.

கண்ணாடி போன்ற தாளில் கறுப்பு எழுத்து இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. உப்பின் மீதும் உளுத்தம்பருப்பின் மீதும் அது அற்புதம். மிளகின் மீது ஒட்டினால் எழுத்தையே காணோம். மிளகுக்கும் கடுகுக்கும் வெள்ளைத் தாள்தான். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் என்றால் ஏற்கெனவே இருக்கும் பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுக் கழுவிய பிறகுதான் புதியதை ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் எந்த ஸ்டிக்கரும் நிற்காது.

பெயருக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று போட்டு, 'அரைத்தது' என்று சின்ன எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அந்த இடத்தின்மேல் டேப் வராமல் பார்த்துக்கொண்டு, பென்சிலால் 'தை' என்றோ 'ஆடி' என்றோ எழுதலாம், அடுத்த தடவை அழித்து மாற்றலாம். மொத்த லேபிளிலும் அதிகம் பயன்படுவது இந்த வெற்றிடம்தான். மூடியைத் திறந்தால் சாம்பார்ப் பொடியை மூக்கு சொல்லிவிடும்; அது எந்த மாதத்துப் பொடி என்று சொல்லாது.

லேபிள் வேண்டியது முதலில் பொடிகளுக்கு: மல்லித்தூள், சீரகத்தூள், சாம்பார்ப் பொடி, ரசப் பொடி. அதற்கடுத்து, பார்வைக்கு ஒன்றுபோல் ஏமாற்றும் சீரகம், சோம்பு, ஓமம். அஞ்சறைப்பெட்டிக்கு மட்டும் ஒட்டாதீர்கள். அதற்குத் தேவையில்லை.