போகாத கடிதம்

1801 டிசம்பரில் சிட்னித் துறைமுகத்தில் இறங்கிய கைதிகளில் மார்கரெட் கேட்ச்போல் என்ற ஆங்கிலேயப் பெண்ணும் ஒருத்தி. குதிரை திருடியவள், சிறைச் சுவரேறித் தப்பிப் பிடிபட்டவள், இரண்டு முறை தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, இரண்டு முறையும் அது குறைக்கப்பட்டு, கடைசியில் கடல் கடத்தப்பட்டவள். அவள் கரையிறங்கி இரண்டு மாதம் ஆவதற்குள், 1802 பிப்ரவரியில், தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பல் 73 கைதிகளோடு பினாங்குக்குப் புறப்பட்டது. பாளையக்காரர் போரில் தோற்றவர்கள் அவர்கள். சிவகங்கைக்கு மருது சகோதரர்கள் அரசராக்கிய வேங்கன் பெரிய உடையத்தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன், பதினைந்து வயதுச் சிறுவன் துரைசாமி இன்னொருவர். கேட்ச்போல் சிட்னியிலிருந்து தன் பழைய எஜமானிக்கும் உறவினர்களுக்கும் எழுதிய கடிதங்கள், எழுத்துப் பிழைகள் மலிந்த அந்த ஆங்கிலத்திலேயே, இன்றும் இருக்கின்றன. துரைசாமி எழுத விரும்பிய கடிதம் பற்றி மட்டும்தான் நமக்குத் தெரியும், கடிதம் கிடையாது.

அதைச் சொன்னவர் ஜேம்ஸ் வெல்ஷ். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இளம் அதிகாரியாக இருந்தபோது சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். பிறகு அதே மருதுவை எதிர்த்த படையில் போரிட்டவர். தூத்துக்குடியில் இந்தக் கைதிகளைக் கப்பலேற்றும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. 1818இல் பினாங்கு சென்றபோது, நோயில் தேய்ந்து முதியவரைப் போல் ஆகிவிட்ட ஒருவர் அவர்முன் வந்து நின்றார். துரைசாமி என்று பெயர் சொன்ன பிறகுதான் வெல்ஷுக்கு அடையாளம் தெரிந்தது. வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும். ஊரில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். தன் பதவி அதற்கு இடம் தராது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். மனம் நொந்ததை 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். கடிதத்தை மட்டும் வாங்கவில்லை. கடல் கடத்தப்பட்ட தமிழ்க் கைதிகள் வரலாற்றில் ஊமைகளாக இருப்பது அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால் நேர்ந்ததன்று, அந்த மௌனம் உண்டாக்கப்பட்டது என்ற என் வாதத்துக்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை.

உடனே ஒரு மறுப்பு எழும்: அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுச் சாமானியனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? கேட்ச்போலுக்கே அரைகுறையாகத்தான் தெரியும் என்பதை முதலில் நினைவில் வைக்கலாம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் படித்தவர்கள் ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்துக்கும் அதிகம். எல்லாச் சாதியாருக்கும் திண்ணைப் பள்ளி திறந்திருந்ததென்று சொல்லவரவில்லை. ஆனால் ஒரு கப்பல் கைதிகளில் ஓலை வாசிக்கத் தெரிந்தவன் ஒருவனாவது இருந்திருப்பான். தெரியாதவனுக்கு அவன் எழுதிக் கொடுத்திருப்பான். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. துரைசாமி அரசியல் கைதி. அவருக்கு இருந்த தடையை வைத்து, கன்னக்கோல் வைத்துப் பிடிபட்டவனின் மௌனத்தையும் விளக்க முடியுமா? முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சாதாரணக் கைதியின் குரல் வேறு வழியில் தொலைந்தது. கேட்ச்போலின் கடிதங்கள் தப்பியதில், அவற்றை வாங்கியவர்களில் ஒரு வசதியான குடும்பம் இருந்ததற்குப் பங்குண்டு. பாளையங்களிலோ கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, நிலங்கள் கைமாறின. ஓர் ஓலை வந்து சேர்ந்திருந்தாலும் அதை வைத்துக் காக்க வீடு வேண்டுமே.

இந்தத் துறையில் நடந்திருக்கும் ஆய்வுகள் இந்த மௌனத்தை இரண்டு பக்கமிருந்து நெருங்கி, நடுவே ஒரு பள்ளத்தை விட்டுவைத்திருக்கின்றன. ஒரு பக்கம் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல். 1800–1801 போரைத் தனித்தனிப் பாளையச் சண்டைகளாகப் பார்க்காமல் ஒரே கூட்டுக் கிளர்ச்சியாக நிறுவிய உழைப்பு அது; நாடு கடத்தப்பட்டவர்களின் கதை அங்கே போரின் கடைசி அத்தியாயம். கப்பல் கிளம்பியதும் தமிழ் வாசகரின் கண்ணும் திரும்பிவிடுகிறது. மறுபக்கம், நீரிணைக் குடியிருப்புகள் என்று ஒன்றாக ஆளப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரின் சிறை வரலாறு. அதன் தொடக்கம் 1899இல் மக்நேர் எழுதிய நூல். கைதிகளையே கைதிகளுக்குக் காவலராக்கிய ஏற்பாட்டை விளக்குவது; சிறையை நடத்தியவரே எழுதியதால் பெருமிதம் கொஞ்சம் தூக்கல். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டில் கெர்னியல் சிங் சாந்து நீரிணைக் குடியிருப்புகளின் தமிழ்க் கைதிகள், பிற இந்தியக் கைதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். அந்த மாநாட்டைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம்; அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. பிறகு டர்ன்புல், கிளேர் ஆண்டர்சன், அனோமா பியரிஸ், 2021இல் ஆனந்த் யாங் என்று வரிசை நீளுகிறது. கப்பலிலிருந்து இறங்கியவன் என்ன ஆனான் என்பதை இவர்கள் சொல்கிறார்கள். அவன் எந்த ஊரிலிருந்து ஏறினான் என்பது அவர்கள் கைக்கு எட்டுவதில்லை.

இறங்கியவன் என்ன ஆனான் என்பதில்தான் செய்தி இருக்கிறது. 1818 முதல் சுமத்ராவின் பென்கூலனை நிர்வகித்த ராஃபிள்ஸ் அங்கிருந்த கைதிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பினர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம், நிலம் பெற்றுக் குடியமரலாம். இரண்டாம் வகுப்பினருக்குச் சாதாரண வேலை. மூன்றாம் வகுப்பினருக்குக் கடும் உழைப்பும் இரவில் சிறை அடைப்பும். 1824 உடன்படிக்கையால் பென்கூலன் டச்சுக்காரரிடம் போனதும் கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரலில் சிங்கப்பூரில் முதலில் வந்திறங்கிய 80 பேரும் சென்னை மாகாணத்துக் கைதிகள். அவர்களில் ஒருத்தி பெண். பின்னாளில் வகுப்புகள் ஆறாகப் பெருகின. புதிதாய் வந்தவன் விலங்கோடு ரோடு போடுவான்; நடத்தை நன்றாயிருந்தால் விலங்கு கழலும்; பிறகு மற்றவர்களை மேய்க்கும் பியூன் ஆவான், தண்டல் ஆவான். தோணித் தலைவனுக்கு நம் கடற்கரையில் வழங்கிய ‘தண்டல்’தான் அது, சிறை ஏட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பல வருடம் கழித்து விடுப்புச் சீட்டு வாங்கினால் வெளியே மாட்டுவண்டி ஓட்டலாம், பால் விற்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். ஊர் திரும்ப மட்டும் முடியாது. இந்தக் கைதிகள் தங்களைக் கம்பெனியின் வேலைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டதை யாங் எடுத்துக்காட்டுகிறார். குற்றவாளி என்று பதிந்தவனிடம், நான் உன் ஊழியன், எனக்குக் கூலியும் மரியாதையும் பாக்கி இருக்கிறது என்று சொல்வதில் ஒரு வழக்கே அடங்கியிருக்கிறது.

அந்த ஊழியத்தின் சாட்சி சிங்கப்பூரில் வெள்ளையாக நிற்கிறது. 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் உட்சுவருக்குப் பூசிய சாந்தை மக்நேர் விவரிக்கிறார்: மணல் சேராத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், எல்லாவற்றையும் அரைத்துப் பூசி, காய்ந்த பின் படிகக்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. அவர் அதை மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே சொல்கிறார். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலவையைப் புதிதாக விளக்க வேண்டாம். தேவாலயத்துக்கு வரைபடம் போட்ட ரொனால்ட் மக்பெர்சன் பெயர் எல்லோருக்கும் தெரியும். சாந்து குழைத்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. கட்டடத் தொழிலாளிக்கு எங்கும் இதே கதிதானே என்று கேட்கலாம். சிட்னியில் இந்தக் கதி இல்லை. கள்ளக் கையெழுத்துப் போட்டு 1814இல் அங்கே கடத்தப்பட்ட பிரான்சிஸ் கிரீன்வே அரசுக் கட்டடக் கலைஞரானார். 1966இல் ஆஸ்திரேலியா அச்சடித்த பத்து டாலர் நோட்டில் அவர் முகம் இருந்தது. கள்ளப் பத்திரம் தயாரித்தவரைப் பணத்தாளில் அச்சிட்ட நாட்டின் நகைச்சுவை உணர்வை மெச்சலாம். 1788 முதல் 1868 வரை அங்கே கடத்தப்பட்ட ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேரின் வழிவந்தவர்கள் அந்நாட்டில் பெரும்பான்மை இனத்தோடு சேர்ந்தார்கள். பழைய அவமானம் பரம்பரைப் பெருமையாக மாறப் பெரும்பான்மை தந்த அதிகாரம் உதவியது. தமிழ்க் கைதிகளின் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. பெண் கைதிகள் மிகக் குறைவு. ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அடுத்த தலைமுறை வேறு பெயர்களுக்குள் கரைந்தது.

கடல் தாண்டினால் சாதி போய்விடும், ஆகவே மரணத்தைவிட இது கொடிது என்று இந்தியர்கள் நடுங்கியதாகக் கம்பெனி அதிகாரிகள் நம்பினார்கள். பல வரலாற்றாசிரியர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். தமிழ்க் கரைக்கு இது பாதிதான் பொருந்தும். நாகூரும் காயல்பட்டினமும் கிழக்கே கப்பல் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பினாங்கில் தமிழ்க் கரையிலிருந்து வந்த சூலியர் ஆயிரம் பேர் அளவுக்கு இருப்பதாக பிரான்சிஸ் லைட் 1794இலேயே எழுதினார். துரைசாமி போய்ச் சேர்வதற்கு முந்திய ஆண்டில் காதர் மொய்தீன் அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பத் தொடங்கியிருந்தார். விலங்கோடு இறங்கியவன் காதில் கடைத்தெருவில் தமிழ் விழுந்திருக்கும். கடலைவிட அவனைக் கொன்றது அதுவாகத்தான் இருக்கும்: தன் மொழி பேசுகிறவன் சரக்கு விற்று அடுத்த காற்றில் ஊர் திரும்புகிறான், தான் திரும்ப முடியாது. திருநெல்வேலிப் பக்கம் இந்தத் தண்டனைக்குத் தீவாந்தரம் என்று பெயர். 1908இல் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டதும் அதுவே. மேல்முறையீட்டில் குறைந்து, அந்தமான் போகாமல் உள்நாட்டுச் சிறைகளில் கழிந்தது. அந்தப் பெயரில் கடல் இல்லை, தீவுதான் இருக்கிறது.

இவர்களெல்லாம் தியாகிகளா என்று கேட்டால், இல்லை. கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் அந்தக் கப்பல்களில் நிறையப் பேர் இருந்தார்கள். பூலித்தேவனுக்கும் கட்டபொம்மனுக்கும் சிலை வைத்த கையோடு ஒவ்வொரு கைதியையும் போராளியாக்கினால், வெள்ளைக்காரன் போட்ட ‘திருடன்’ முத்திரையை அழித்து நம் முத்திரையைக் குத்துவதாகத்தான் முடியும். முத்திரை என்பது உவமையும் இல்லை. வங்காளத்தில் 1797இல் வந்த சட்டப்படி ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தையும் தேதியையும் வட்டார மொழியில் பச்சை குத்தினார்கள். சென்னை மாகாணமும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. 1849இல்தான் அது ஒழிந்தது. தலையெழுத்து என்று நாம் சொல்வதை ஊசியால் எழுதிக் காட்டிய அரசு அது. கடிதம் எழுத விடாதவர்கள் இந்த எழுத்தை மட்டும் கடல் தாண்டவிட்டார்கள். கூலிகளாகப் போனவர்களோடு ஒப்பிட்டால் கைதிகள் கைப்பிடியளவுதானே என்பதும் உண்மை. ஆனால் மொரிஷியஸில் 1815இலேயே இந்தியக் கைதிகள் ரோடு போட வந்துவிட்டார்கள். 1834இல் ஒப்பந்தக் கூலிகள் வந்தது அதற்குப் பிறகு. தூரதேசத்தில் இந்தியனை வரிசையில் நிறுத்தி, எண்ணி, வகுப்புப் பிரித்து வேலை வாங்கலாம் என்பதைக் கங்காணி காலத்துக்கு முன்பே கைதியின்மேல் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

இனி ஆக வேண்டிய வேலை தமிழ் தெரிந்தவருடையது. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஏடுகள்தான் நமக்குள்ள மூலம். வெல்ஷின் நூலில் சின்ன மருது ‘சீனா முர்டூ’, பாஞ்சாலங்குறிச்சி ‘பஞ்சாலம்கூர்ச்சி’, துரைசாமி ‘டோரா ஸ்வாமி’. தலைவர்களின் பெயர்களே இப்படியென்றால், சொக்கம்பட்டியிலோ ஊத்துமலையிலோ பிடிபட்ட ஒருவனின் தகப்பன் பெயரும் குலமும் கிராமமும் எந்த உருவில் கிடக்கும்? சிங்கப்பூரிலோ லண்டனிலோ அமர்ந்து அந்த ஏடுகளைப் புரட்டும் ஆய்வாளர் அவற்றை இருக்கிற எழுத்திலேயே நகலெடுத்துக்கொண்டு போகிறார்; வேறு வழியில்லை. பண்பொழி என்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பைம்பொழில் என்றும் பெயர் உண்டு. வாய்ப்பேச்சில் அது பம்புளி. விசாரணையில் ஊர் எது என்று கேட்டால் அங்கிருந்து போனவன் பம்புளி என்றுதான் சொல்லியிருப்பான். அந்தச் சொல் கச்சேரி எழுத்தரின் பேனாவில் என்னவாக மாறியிருக்கும் என்பதை ஊகிக்க, அதை நாக்கில் வைத்துச் சொல்லிப் பார்த்த ஒருவர் வேண்டும்.