பதக்கத்தின் விளிம்பில் இல்லாத பெயர்கள்

போர்ப் பதக்கங்களைத் தேடித் திரட்டுவதும், அவற்றைப் பெற்றோரின் வரலாற்றை ஆராய்வதும் உலகின் பல நாடுகளில் நடைபெறும் ஒரு முயற்சி. இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதும், போர் வழிபாடு என்று வெறுப்பதும் அவசரத் தீர்ப்புகளாகும். ஓர் உலோகத் துண்டைக்கொண்டு மறக்கப்பட்ட மனிதன் ஒருவனை மீட்க முடியுமானால், அது சரித்திரத்துக்குச் செய்யும் தொண்டே. ஆயினும் எந்த மனிதன் மீட்கப்படுகிறான் என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் இம்முயற்சியின் பெருமையைக் கூறிவிடுவோம். முதலாம் உலகப் போருக்குப் பின்னர் 1919இல் நிறுவப்பட்ட பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில், பெற்றவரின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். அப்போரின் படைவீரர் ஆவணங்களிற் பெரும்பகுதி, 1940இல் இலண்டன் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் எரிந்து போயிற்று. ஆகவே, எளிய வீரர் பலருக்குப் பதக்கமும் பதக்கப் பதிவேடுமே எஞ்சிய சாட்சிகளாயின. அவற்றைப் பொறுமையுடன் ஒப்புநோக்கும் ஆய்வாளனின் உழைப்பை நாம் மதிக்கிறோம்.

ஆனால், அதே பதக்கம் இன்னோர் உண்மையையும் சொல்லுகிறது. ஏறத்தாழ 64 இலட்சம் பேருக்கு அது வெள்ளியில் வழங்கப்பட்டது. சுமார் 1,10,000 பேருக்கு மட்டும் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. வெண்கலம் பெற்றோரிற் பெரும்பாலார் சீன, இந்திய, மால்டாத் தொழிலாளர் படைகளைச் சேர்ந்தவர்கள். ஒரே போர், ஒரே அரசனின் முகம். உலோகத்தில் மட்டும் பேதம்! ஏகாதிபத்தியம் தன் மனிதர்களை எவ்வாறு தரம் பிரித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா?

வெண்கலம்கூடப் பெறாதவர்களைக் காணப் புத்தளம் கரைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை இங்கே ஒரு விமானத்தளத்தை நடத்திற்று. ‘ராஜாளிய’ என்பது அதன் பெயர். சிங்களத்தில் கழுகு என்று பொருள். விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானிகள் இத்தளத்தைப் பயன்படுத்தினர். சேற்றில் சிக்கிய விமானங்களை யானைகள் இழுத்தன. கோர்செயர் போர்விமானமொன்றை யானை இழுக்கும் புகைப்படம் உலகப் பிரசித்தம். படத்தைப் பார்ப்போர் யானையை வியக்கின்றனர். விமானத்தின் வகையை ஆராய்கின்றனர். யானையை நடத்திய பாகன் யார்? தளத்துக்கு நிலம் திருத்தியவர்கள் யார்? இக்கேள்விகளுக்குப் பதக்கப் பதிவேடு விடை தராது.

அப்போருக்கான பதக்கங்களின் கதையும் கவனிக்கத்தக்கது. 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை நடந்த பர்மாப் போருக்காக வழங்கப்பட்டது பர்மா நட்சத்திரம். பிரித்தானிய வீரர்களுக்கு அது பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டது. அத்தகைய நட்சத்திரத்தை அதனோடு வந்த பெட்டி, கடிதம், விடுவிப்புப் பத்திரம் ஆகியவற்றிலிருந்து பிரித்துவிட்டால் அது ஊமையாகிவிடும். வியாபாரி ஒருவன் ஒரு குடும்பத்தின் பதக்கத் தொகுதியைக் குலைத்துத் தனித்தனியே விற்கும்போது, அழிவது ஒரு மனிதனின் வரலாறு.

பதிவேட்டுக்கு வெளியே நிற்போரில் இன்னொரு வகையினரும் உண்டு. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தம் அதிகாரிகளுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அவ்வாண்டு ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர். இவர்களும் அப்போரில் சீருடை அணிந்த இலங்கையரே. மார்பில் தொங்கிய பதக்கத்தை மட்டும் வரலாறாகக் கொள்பவன் இவர்களை எங்கே வைப்பான்?

ஆகவே, பதக்க ஆராய்ச்சி வேண்டாம் என்பதன்று நம் வாதம். அது பதக்கத்தோடு நின்றுவிடலாகாது என்பதே. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் இதற்கொரு வழிகாட்டலாம். தளத்தில் உழைத்தோரின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் மாணவர்களை அனுப்புங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கூலிச்சீட்டும் பழைய படமும் பதக்கத்துக்குச் சமமான சான்றுகள் என்று சொல்லிக்கொடுங்கள். சேகரித்ததைக் குறித்து வையுங்கள். நாளை இந்தக் கரையின் போர்க்கால வரலாற்றை எழுத வருபவனுக்கு, யானையின் பக்கத்தில் நின்ற மனிதனும் தெரிய வேண்டும்.