தோற்கத் தெரிந்தவர்

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஹல்க் ஹோகனில் தொடங்கி அண்டர்டேக்கரில் முடிக்கிறார்கள். அந்தக் கலையின் நுட்பம் புரிய வேண்டுமானால், வாரந்தோறும் தோற்ற பேரி ஹாரோவிட்ஸைப் பார்க்க வேண்டும் என்பேன்.

முடிவைப் பேசி வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. தோற்றுக் கொடுப்பதற்கு அங்கே 'ஜாப்' என்று பெயர். அதையே பிழைப்பாகக் கொண்டவர் 'ஜாபர்'. எண்பதுகளில் ஒரே இரவில் பல வாரத்து நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துவிடுவார்கள். நட்சத்திரங்கள் ஒருவரோடொருவர் மோதுவதைப் பெரும்பாலும் காசு கொடுத்து அரங்கில்தான் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் அவர்கள் ஜாபர்களைச் சில நிமிடங்களில் சாய்ப்பார்கள். டிக்கெட்டுக்கு அதுதான் விளம்பரம். 1985 மார்ச் 31இல் நடந்த முதல் ரெஸில்மேனியா என்ற பெருநிகழ்ச்சியில், எஸ்.டி. ஜோன்ஸ் என்ற அனுபவசாலி கிங் காங் பண்டியிடம் 9 விநாடியில் தோற்றதாக அறிவித்தார்கள். உண்மையில் அதைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். பண்டியின் பயங்கரம் வளர வேண்டும் என்பதற்காக ஜோன்ஸின் கணக்கிலிருந்து விநாடிகளைக்கூட எடுத்துக்கொண்டார்கள்.

விழுவதை 'பம்ப்' என்பார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன்மேல் மெல்லிய நுரைப்பாய், அதற்கும் மேல் கித்தான்; மேடை அவ்வளவுதான். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழ வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் கழுத்துக்கு ஆபத்து. ஒரு மலை மனிதரை ஒருவர் அலாக்காகத் தூக்குகிறார் என்றால், தூக்கப்படுபவரும் எம்பிக் கொடுத்திருக்கிறார். வலியைக் காட்டுவதிலும் கணக்கு உண்டு: குறைந்தால் அடித்தவர் சோப்ளாங்கியாகத் தெரிவார், மிகுந்தால் கூட்டம் சிரித்துவிடும். அனுபவமில்லாத நட்சத்திரம் எதிரே நின்றால், தன் கழுத்தோடு அவர் பெயரையும் சேர்த்து ஜாபர்தான் காப்பாற்ற வேண்டும்.

ஹாரோவிட்ஸ் ஃப்ளோரிடாக்காரர், யூதர். போரிஸ் மலென்கோ என்ற பயிற்சியாளரிடம் பயின்றவர். பிடிகளில் தேர்ச்சி பெற்றவர். ஜாக் ஹார்ட் என்ற பெயரில் வட்டார நிறுவனங்களில் ஆடிவிட்டு எண்பதுகளின் பிற்பகுதியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெரிய நிறுவனத்துக்கு வந்தார். மேடையில் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார். மேலங்கியின் முதுகிலும் ஒரு கைத்தடம் இருக்கும். ரசிகர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாகப் பட்டதே இல்லை. அந்த வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்தவரை வேறு யார் தட்டிக்கொடுத்தார்கள்?

1995 ஜூலை 9 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சியில் எதிராளி ஸ்கிப், உடற்கட்டைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் பாத்திரம். ஹாரோவிட்ஸைச் சாய்த்துவிட்ட மிதப்பில் அவர் மேடையிலேயே தண்டால் எடுக்க ஆரம்பித்தார். ஹாரோவிட்ஸ் எழுந்து, அவரைச் சுருட்டி அமுக்கினார். நடுவர் மூன்று எண்ணி முடித்தார்; அப்படி எண்ணி முடித்தால் அமுக்கியவருக்கு வெற்றி. வர்ணனை மேசையில் ஜிம் ராஸ் ஹாரோவிட்ஸ் வென்றுவிட்டதாகக் கூவினார். எட்டு வருடத் தோல்விகள் முதலீடாக இருந்ததால்தான் அந்த மூன்று நொடிக்கு அத்தனை மதிப்பு. ஆகஸ்ட் 27இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சியிலும் ஸ்கிப்பை வென்றார்.

எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 4இல், போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. 'மண்டே நைட்ரோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. திங்கள் இரவு பார்வையாளர்களைப் பிடிக்க இரு நிறுவனங்களும் நட்சத்திரங்களைத் தொலைக்காட்சியிலேயே மோதவிட்டன. ஜாபர்களுக்கான இடம் சுருங்கியது. இடம் போனவர்களுக்குப் பாதுகாப்பும் இல்லை; மல்லர்கள் ஊழியர்களாகக் கருதப்படவில்லை. அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள். உடல்தான் கருவி என்ற தொழிலில் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கிடையாது. 2008இல் முன்னாள் மல்லர்கள் மூவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள், அது தள்ளுபடியானது.

ஹாரோவிட்ஸ் 1997இல் விலகி, பிறகு அதே டபிள்யூ.சி.டபிள்யூ.வில் சேர்ந்தார். அங்கும் பெரும்பாலும் விழுவதற்கே அழைத்தார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழுந்தார்.