குறிஞ்சித் தேனும் எங்க அம்மாவின் கொழுந்துக் கூடையும்

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நாவலை மூன்றாவது தடவையாக வாசித்து முடித்தேன். முதல் தடவை வாசித்தது பிளஸ் டூ முடித்த லீவில், கூடப் படித்த படகர் நண்பன் வீட்டு அலமாரியிலிருந்து வாங்கி. "எங்க ஆளுங்களப் பத்தி எழுதியிருக்காங்கடா, படிச்சுட்டு பத்திரமாத் திருப்பிக் கொடு" என்றான். சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமை இன்னும் ஞாபகம் இருக்கு. படித்து முடித்தபோது எனக்கு வந்தது பொறாமை. இவனுக்கு ஒரு நாவல் இருக்கு, எனக்கு இல்லையே என்ற பொறாமை.

அந்தப் பொறாமை நியாயமா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதி புரியாது. கோத்தகிரிப் பக்கம் 'சிலோன்காரங்க' என்று சொல்வார்களே, அந்த வீட்டுப் பிள்ளை நான். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் இருப்பவர்களைப் பற்றி அப்புறம் பேசுவது என்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டுக்கொண்டன. அந்தக் கணக்கில் ஒரு துளிதான் எங்க அம்மாயி குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்பில் தங்கி, கடைசியில் இந்த மலைக்கு வந்தார்கள். அம்மாவுக்கு அப்போ ஒன்பது வயசு. இப்ப அறுபது தாண்டிவிட்டது. இன்னமும் ஒரு படகர் குடும்பத்தின் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள்.

சரி, நாவலுக்கு வருவோம்.

'குறிஞ்சித் தேன்' 1963-ல் வந்தது. ராஜம் கிருஷ்ணன் படகர் அல்ல. முசிறியில் பிறந்தவர், மின்துறைப் பொறியாளரான கணவரின் வேலை காரணமாக ஊர் ஊராகப் போனவர், நீலகிரியிலும் வாழ்ந்தவர். பிற்பாடு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்', தீப்பெட்டித் தொழிலில் உழன்ற குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்' என்று எழுதியபோதும் முறை ஒன்றுதான். போய்ப் பார், கூட இருந்து கேள், அப்புறம் எழுது. தமிழில் அந்த உழைப்பைப் போட்ட நாவலாசிரியர்கள் குறைவு.

கதையில் ஒரு ஹட்டி. பால்மனைக் கடமையை ஏற்கும் ஜோகி, பணத்தைத் துரத்தும் ரங்கன், படித்து வரும் கிருஷ்ணன், இவர்களுக்கு நடுவில் பாரு. குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். அந்தப் பூப்பை வைத்துத்தான் நாவல் காலத்தை அளக்கிறது. எருமையும் சாமையும் ராகியும் இருந்த மலையில் உருளைக்கிழங்கு வருகிறது, தேயிலை வருகிறது, மின்திட்டம் வருகிறது. மனிதர்களும் கூடவே மாறுகிறார்கள்.

இதில் பெரிய விஷயம், நாவல் ஊட்டியைத் திருப்பிப் பார்த்தது. சினிமாவில் ஊட்டி என்றால் என்ன? ஏரி, ரோஜாத் தோட்டம், மலை ரயில், பாட்டு. கீழேயிருந்து வந்தவர்கள் இரண்டு நாள் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்க்கிற ஊட்டி. 1819-ல் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்ததிலிருந்து அந்தப் பார்வைதான் நடக்கிறது. 'குறிஞ்சித் தேன்' கேமராவைத் தூக்கி ஹட்டி வாசலில் வைத்தது. பால் கறப்பதும் தீயைக் காப்பதும் அங்கே வேடிக்கை இல்லை, வேலை. ஒரு பையன் அந்த வேலைக்காகத் தன் ஆசைகளை ஒதுக்கி வைக்க வேண்டியிருப்பதை, கேலியும் இல்லாமல் புல்லரிப்பும் இல்லாமல் எழுதியிருக்கிறார். இதை அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்தார் என்பதை மறக்கக் கூடாது.

குறை என்று நான் நினைப்பது இரண்டு.

ஒன்று, மொழி. படகர்கள் வீட்டில் பேசுவது படகு. தமிழில் 'பட்டி', அவர்களுக்கு 'ஹட்டி'. நமக்குப் பால், அவர்களுக்கு 'ஹாலு'. பாட்டி 'ஹெத்தெ', அதுவே அவர்கள் கும்பிடுகிற தெய்வத்தின் பெயரும். ஒவ்வொரு மார்கழி, தை சமயத்திலும் பேரகணிக்கு வெள்ளை உடுத்து நடந்து போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த மொழியைக் கன்னடத்துக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறது. 2011 கணக்கில் 1.3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இதைத் தாய்மொழி என்று சொன்னார்கள். எமனோ என்ற மொழியியலாளர் 1939-லேயே இதன் உயிரொலிகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதுகிற அளவுக்கு இது வித்தியாசமான மொழி.

நாவலில் ஜோகியும் பாருவும் தமிழ் பேசுகிறார்கள். அங்கங்கே ஹட்டிச் சொற்கள் தூவப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். தமிழ் நாவலில் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இதனால் ஒன்று நடந்துவிடுகிறது. படகர் நமக்கு ரொம்பச் சுலபமாகப் புரிந்துவிடுகிறார். தோட்டத்தில் நான் கண்டது அப்படி இல்லை. கொழுந்து எடை போடுமிடத்தில் கூலி பற்றிப் பேச்சு வந்தால் முதலாளி வீட்டார் தங்களுக்குள் படகில் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குப் புரியாது. அந்தப் புரியாமைக்கும் மலை வாழ்க்கையில் ஓர் இடம் உண்டு. அம்மா பத்து வருஷத்தில் படகு கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதை ரொம்ப நாள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை!

இரண்டாவது குறை, தேயிலை. நாவலின் மனசு பழைய மலையின் பக்கம் சாய்கிறது. பால், சாமை, பொதுவில் வைத்து வாழ்வது இவை ஒரு பக்கம். பணம், பொறாமை, வழக்கு, தேயிலை இன்னொரு பக்கம். ராஜம் கிருஷ்ணன் மாற்றத்தை எதிர்க்கிறவர் அல்ல. படிப்பையும் அடுத்த தலைமுறையின் காதலையும் நம்பிக்கையோடுதான் பார்க்கிறார். ஆனாலும் இனிப்பெல்லாம் முதல் குறிஞ்சியிலேயே இருந்தது என்ற உணர்வு புத்தகத்தை மூடும்போது தங்கிவிடுகிறது. நடந்தது என்னவென்றால், சொந்த நிலத்தில் தேயிலை போட்ட சிறு விவசாயிகளாகத்தான் படகர்கள் பலர் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பினார்கள். 1960-களில் இண்ட்கோ கூட்டுறவு ஆலைகள் வந்து அவர்கள் பச்சைத் தேயிலையை வாங்க ஆரம்பித்தன. பிறகு 1990-களின் கடைசியில் விலை விழுந்தபோது அதே தேயிலை அவர்களைக் கடனிலும் தள்ளியது. தேயிலை வரமும் இல்லை, சாபமும் இல்லை, ஒரு பயிர். யார் கையில் நிலம், யார் கையில் கூடை என்பதுதான் விஷயம்.

அந்தக் கூடையைத்தான் நான் நாவலில் தேடினேன். ஹட்டியில் தேயிலை ஏறுவது தெரிகிறது. அதைப் பறிக்கக் கூலிக்கு வருகிறவர்களின் முகம் மனசில் நிற்கவில்லை. 'எரியும் பனிக்காடு' இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்த நாவல் அது. அதில் கூலி லைனைத் தவிர வேறு உலகமே கிடையாது. ஒன்றில் நிலம் உள்ளவரின் இழப்பு, இன்னொன்றில் நிலமே இல்லாதவரின் சாவு. எங்கள் கோத்தகிரி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே முதலாளி வெள்ளைக்காரத் துரை அல்ல. மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு, ஆள் கிடைக்காத நாளில் தானும் கூடை கட்டுகிற படகர் வீட்டு அம்மா.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, போன மழைக்காலத்தில் நாவலில் இருந்து பால்மனை வருகிற பக்கங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மூணாங்கிளாஸ் வரைதான் படித்தவள். நான் எதிர்பார்த்தது, "நம்மளப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்று சொல்வாள் என்று. அவள் சொன்னது வேற.

"அந்த வீட்டு ஹெத்தெ இதையேதான் சொல்லும். நாங்க கொழுந்து எடுக்கற மேக்காட்டுலதான் முன்ன அவங்க எருமை மேயுமாம். ஒவ்வொரு எருமைக்கும் பேர் சொல்லும். சொல்லிட்டு கண்ணத் தொடச்சுக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "நாங்களும் அப்படித்தானே சிலோனப் பத்திப் பேசறோம்" என்றாள்.

அதைக் கேட்டதும் என் கட்டுரையின் பாதி ஆட்டம் கண்டது. எங்கள் வீட்டில் சிலோன் என்றால் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும், லயத்து வாசலில் காமன்கூத்தும். லயத்தின் ஓட்டைக் கூரையும் கங்காணி திட்டியதும் அந்தக் கதைகளில் வராது. எங்கள் தேனையும் நாங்கள் அப்படித்தான் வடிகட்டி வைத்திருக்கிறோம். ராஜம் கிருஷ்ணன் எழுதியது பொய் இல்லை. ஹட்டியில் மக்கள் அவரிடம் சொன்ன ஞாபகம் அது. ஞாபகம் இனிப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 'படக' என்ற சொல்லுக்கு வடக்கு, வடக்கிலிருந்து வந்தவர் என்று பொருள் சொல்வார்கள். மைசூர்ப் பக்கத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சமூகத்துக்குள்ளேயே இதை ஏற்காதவர்கள் நிறைய. நாங்கள் இந்த மலையின் ஆதிக்குடிகள், எங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலை இல்லை. எனக்குப் பட்டது இதுதான்: வந்த திசையை வைத்து ஒருவருக்குப் பேர் வைக்கும் பழக்கம் இந்த மலையில் புதுசு இல்லை. சிலோன்காரன் என்று கூப்பிட்டபோது எனக்குக் கோபம் வரும். கூப்பிட்டவனின் சொந்தப் பெயரிலேயே ஒரு திசை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போ தெரிந்திருந்தால் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

அதற்காக என் விமர்சனத்தை முழுசா வாபஸ் வாங்கவில்லை. நாவல் வந்தது 1963, ஒப்பந்தம் 1964. வராத எங்களை எழுதவில்லை என்று ராஜம் கிருஷ்ணனைக் கேட்க முடியாது. இன்றைக்கும் 'நீலகிரி வாழ்க்கை' என்றால் இந்த ஒரு நாவலைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். 1968-ல் தாயகம் திரும்பியோருக்காக அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம் டேன்டீ ஆக வளர்ந்து, அதில் இரண்டு மூன்று தலைமுறை வேலை பார்த்தாகிவிட்டது. அந்த வீடுகளுக்குள் ராஜம் கிருஷ்ணன் மாதிரி நோட்டும் பொறுமையுமாகப் போய் உட்கார்ந்த நாவலாசிரியர் யாரையும் நான் இன்னும் படிக்கவில்லை. யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்க, தேடி வாங்கிப் படிக்கிறேன்.

'குறிஞ்சித் தேன்' படிக்காதவர்கள் கட்டாயம் படிங்க. ஊட்டிக்குப் போவதற்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது. படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் பக்கத்தில் வச்சுக்குங்க: இந்தச் செடியில் இலை பறிப்பது யார்?

என் பங்குக்கு, அம்மாவும் அந்த வீட்டு ஹெத்தெயும் பேசிக்கொள்வதை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பாதி படகு, பாதி சிலோன் தமிழ். ஹெத்தெ சொன்ன எருமைப் பேர்கள் இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கின்றன. அடுத்த குறிஞ்சி 2030-ல். அதற்குள் நோட்டு நிறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நண்பனின் புத்தகத்தை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இதைப் படித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.