தொழுவோனும் தொழப்படுவோனும்: தோர் கதை பற்றிய ஓர் ஆய்வு

ஒரு கதை சித்திரவடிவினின்று திரைவடிவிற்கு மாறும்போது சுவைஞரிடையே எழும் வழக்குப் பெரும்பாலும் ஒன்றே: படம் மூலத்துக்கு உண்மையாக நின்றதா என்பது. 2022ஆம் ஆண்டு டைக்கா வைட்டிட்டி இயக்கத்தில் வெளிவந்த 'தோர்: லவ் அண்ட் தண்டர்' என்னும் படம் குறித்தும் இவ்வழக்கே நிகழ்ந்தது. எந்நிகழ்ச்சி விடப்பட்டது, எப்பாத்திரம் சுருங்கியது எனக் கணக்கிட்டனர் ஒருசாரார். திரைப்படம் தனிக்கலை, மாற்றுதற்கு அதற்கு உரிமையுண்டு என விடையிறுத்தனர் மற்றொருசாரார். நிகழ்ச்சிகளை ஒப்பிடுதலினும், மூலக்கதை எழுப்பிய வினா படத்தில் என்னவாயிற்று என ஆராய்தலே பயனுடைத்து. அவ்வினா, தன்னைத் தொழும் உயிரின் தொழுகைக்குத் தேவன் தகுதியுடையவனா என்பதாம்.

தோர், வடபுல மக்கள் வழிபட்ட இடித்தேவன். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்நொரி ஸ்டூர்லுசன் இயற்றிய உரைநடை எட்டாவிலே, அவனுடைய சம்மட்டி குள்ளர் வனைந்தது. அதனைப் பற்றுதற்கு இரும்புக் கையுறை வேண்டும் என்று கூறப்படுகின்றதேயன்றி, அறத்தகுதி வேண்டும் என்று கூறப்படவில்லை. 1962ஆம் ஆண்டு ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கேர்பி என்போர் தோரை அமெரிக்கச் சித்திரக்கதையின் வீரனாக்கியபோதுதான், தகுதியுடையோனே இதனைத் தூக்கவல்லான் என்னும் விதி அச்சம்மட்டியிற் பொறிக்கப்பட்டது. சிறு மாற்றமேயெனினும் அதன் விளைவு பெரிது. தேவனது படைக்கலமே தேவனைச் சோதிக்கும் உரைகல்லாயிற்று.

இத்தேவரை மாண்டொழிந்த சமயத்தின் எச்சமெனக் கருதுதலும் பொருந்தாது. ஐஸ்லாந்தில் 1972இல் அமைந்த இவ்வழிபாட்டினர் சங்கம் 1973இல் அரசின் ஏற்பினைப் பெற்றது. அமெரிக்கப் படைவீரரின் கல்லறைக் கல்லிலே தோரின் சம்மட்டியைப் பொறித்தற்கு 2013இல் இசைவளிக்கப்பட்டது. ஆதலின் தேவரின் தகுதி பற்றிய வினா வெறும் விளையாட்டன்று.

2012ஆம் ஆண்டு ஜேசன் ஆரன் எழுத, எசாட் ரிபிச் வரையத் தொடங்கிய 'தோர்: கோட் ஒவ் தண்டர்' என்னும் தொடர் இவ்வினாவை நேர்நின்று வினவுகின்றது. வறண்ட உலகொன்றிற் பிறந்த கோர் என்பான், மனைவி மக்களை இழந்து, வேண்டிய வேண்டுதல் யாவும் வீணாகத் தேவரே இலர் எனத் துணிகின்றான். அப்போது வானினின்று இரு தேவர் போரிட்டவாறே வீழ்கின்றனர். அவருள் ஒருவன் அவனிடமே உதவி இரக்கின்றான். தேவர் உளர்; உளராயிருந்தும் வந்திலர். இவ்வுண்மையே கோரைத் தேவரைக் கொல்வோனாக்குகின்றது. ஏமாற்றப்பட்ட நம்பிக்கையிற் பிறந்த கொடுமை அது. இதற்கு எதிராக ஆசிரியர் நிறுத்தும் காட்சியும் எளியது: தேவரை இழந்த உலகொன்றிலே மழைவேண்டிய சிறுமி ஒருத்தியின் குரல் கேட்டுத் தோர் விரைந்து செல்கின்றான். கோர் வீழ்ந்த பின்னும் வினா வீழவில்லை. 2014இல் காதில் ஓதப்பட்ட ஒரு சொல்லாலே தோர் சம்மட்டியைத் தூக்கும் தகுதியை இழக்கின்றான். கோர் கூறியது சரியே என்பதுதான் அச்சொல் என 2017இற் புலனாகின்றது. பகைவனின் வினாவை வீரனே சுமக்கின்றான்.

இனித் திரைவடிவை நோக்குவாம். முந்திய படங்கள் தேவர் என்னும் சொல்லுக்கே அஞ்சின. 2011ஆம் ஆண்டுப் படம் மாயமும் விஞ்ஞானமும் ஒன்றேயென அமைதி கூறிற்று. 2013ஆம் ஆண்டுப் படத்தில் ஓடினே தாம் தேவரல்லர் என்கின்றான். 2022ஆம் ஆண்டுப் படம் அவ்வச்சத்தை விடுத்துத் தேவர் பலரை அவையேற்றியது பாராட்டற்பாலது. மகளைப் பாலையிற் பறிகொடுத்த கோராகக் கிறிஸ்டியன் பேல் தோன்றும் தொடக்கக் காட்சி நெஞ்சை உருக்குவது. ஆயின் தேவர் அவையிலே, விடை பிறக்கவேண்டிய இடத்தில், நகை பிறக்கின்றது. நகை தன்னளவிற் குற்றமன்று. சம்மட்டியை மீட்கத் தோர் மணப்பெண் கோலம் பூண்டதைப் பழைய வடபுலப் பாடலே நகைத்துரைக்கின்றது. அவலம் கேட்ட வினாவிற்கு நகையை விடையாக்கியதே ஈண்டுக் குறை. அன்றியும், வாள்தான் கோரின் உள்ளத்தைக் கெடுத்தது எனக் காட்டியதால், அவன் வழக்கின் வலிமை பாதியும் குன்றிவிடுகின்றது.

எனினும் நடுவுநிலை நின்று ஒன்று கூறல்வேண்டும். இறுதியிற் கோர் பழியை விடுத்து மகளின் உயிரை வேண்டுகின்றான். தோர் அக்குழந்தையை வளர்க்கும் கடனை ஏற்கின்றான். சித்திரக்கதை காட்டாத கனிவு இது. ஆயினும் இது தந்தையின் துயருக்கு விடையேயன்றி, அடியவனின் வினாவிற்கு விடையன்று.

அவ்வினாவிற்கு மிக அணிமையில் வருபவள் சித்திரக்கதையின் ஜேன் போஸ்டர். புற்றுநோயுற்ற அவள் சம்மட்டியைத் தூக்குந்தோறும் உண்ட மருந்தின் பயன் அழிகின்றது. அஃதறிந்தும் பிறர் துயர் தீர்க்கத் தூக்குகின்றாள். படமும் இதனைப் பேணியது. ஆனால் தோரின் காதலுக்குள் அடக்கிவிட்டது. தேவரின் தகுதிக்கு இலக்கணம் யாது எனின், தொழுவோன் குரல் கேட்டுத் தனக்கு இழப்பு நேரினும் வருதல் என்பது அவள் செயலாற் போதரும். படத்திலே சுவைஞர் தேடவேண்டியது விடுபட்ட நிகழ்ச்சிகளையன்று, விடுபட்ட இவ்விடையையே.