பெயிண்டா, ஸ்டெயினா? இரு மழைக்கு நடுவே ஒரு பலகைத் தளம்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்தது இரண்டு மழையால். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிறது. அது ஓய்ந்து நாலு நாள் வெயில் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடுகிறது. வயலுக்கு வரமான இந்த ஏற்பாடு, வெட்டவெளியில் கிடக்கும் மரத்துக்குக் கடுமையான சோதனை. கோட்டாற்றில் வீட்டு மாடியிலோ முகப்பிலோ மரப்பலகையில் தளம் போடுகிறவர்கள் அதற்குப் பெயிண்ட் அடிப்பதா, ஸ்டெயின் பூசுவதா என்று யோசிக்கும்போது நிறத்தையும் விலையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பலகைக்குள் புகுந்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்?

பெயிண்ட் மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. பிரைமர், பட்டி, இரண்டு கை இனாமல் என்று ஏறும் இந்தப் படலம் வெயிலை மரத்துக்கு எட்டவிடாது. மரத்தை முதலில் கெடுப்பது வெயிலின் புற ஊதாக் கதிர்தான். நாரோடு நாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளை அது சிதைக்கிறது. வெளியில் போட்ட தேக்குப் பலகை சாம்பல் நிறமாகி, தொட்டால் நார்நாராக எழும்புவது அதனால்தான். இந்த ஒரு வேலையில் பெயிண்டை மிஞ்ச வேறு பூச்சு இல்லை. மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளையும் உள்பகுதியான வைரமும் கலந்த பலகை, ஒட்டுப்போட்ட இடம், கணு, பழைய ஆணி ஓட்டை எல்லாவற்றையும் அது மறைத்தும் விடும். ஜன்னல், கதவு, நிலை, தாழ்வாரத்துக்குக் கீழே நிற்கும் தூண் போன்ற செங்குத்தான மரங்களில் நன்றாக அடித்த பெயிண்ட் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தண்ணீர் அங்கே தங்குவதில்லை, யாரும் மிதிப்பதும் இல்லை.

அதே பெயிண்டைப் படுக்கையாகக் கிடக்கும் தளத்துக்குக் கொண்டு வந்தால் கதை மாறிவிடுகிறது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ரேகையின் நீளவாக்கில் அவ்வளவாக இல்லை, குறுக்கே நிறைய. படலம் அந்த அளவுக்கு இழுபடாது. ஸ்க்ரூத் தலையைச் சுற்றியும் பலகையின் வெட்டு முனையிலும் முதலில் மயிரிழை விரிசல் விழும். அந்த விரிசல் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போகும். வெளியே வரத்தான் வழி இல்லை. பெயிண்டர் அடித்தது மேல்பக்கம் மட்டும் என்பதால் அடிப்பக்கம் பச்சையாகக் கிடந்து தரையின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். வெயில் ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி மேலே தள்ள, படலம் முதலில் பொங்கும், பிறகு பொரிந்து செதிலாக உரியும். உரிந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூசினால் பழையதும் புதியதும் ஒட்டாது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும் படலத்தின் கீழே பலகை உளுத்துப்போயிருப்பதை மிதித்துக் கால் இறங்கிய பிறகே தெரிந்துகொள்கிற வீடுகளும் உண்டு. பெயிண்டின் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான்: அது தோற்கும்போது தோல்வியையும் சேர்த்து மறைக்கிறது.

சுரண்டும் வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய இனாமல் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி பறக்கவிடுவது, வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் செய்யவே கூடாத காரியம். நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் வழித்து அள்ள வேண்டும்.

ஸ்டெயின் வேறு வகை. அது மரத்துக்குள் இறங்குகிறது. மேலே படலம் கட்டுவதில்லை. ஆகவே உரிவதற்கு ஒன்றும் இல்லை. தேய்ந்து மங்கும், அவ்வளவுதான். மங்கிய இடத்தைக் கழுவிக் காயவைத்து அதன் மேலேயே இன்னொரு கை பூசலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் வனப்பொருள் ஆய்வுக்கூடம் மரப் பூச்சுகளை நெடுங்காலமாக வெயிலிலும் மழையிலும் வைத்துச் சோதித்து வருகிறது. மிதிபடும் வெளித்தளத்துக்கு ஊறி இறங்கும் பூச்சே ஏற்றது என்பது அதன் பரிந்துரை. ஸ்டெயினில் நிறமி இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. தண்ணீர்போல் தெளிந்த பூச்சு ஈரத்தைக் கொஞ்சம் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. நிறமி கொஞ்சம் கலந்து மரத்தின் ரேகையும் தெரியும்படி இருப்பது நடுவாந்தரம். தளத்துக்கு அதுவே பொருத்தம். ரேகையே தெரியாமல் அடர்ந்து மூடுவது பெயருக்குத்தான் ஸ்டெயின், குணத்தில் மெல்லிய பெயிண்ட்.

நம் ஊரில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. கடையில் போய் ஸ்டெயின் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது, வீட்டுக்குள் இருக்கும் மேசை, கட்டில், கதவுக்கு நிறம் ஏற்றுகிற சரக்கு. அதன் மேல் மெலமைனோ பியூ பாலிஷோ அடித்தால்தான் அது முழுமையடையும். அதை வெளித்தளத்தில் பூசி, மினுங்கட்டும் என்று மேலே வார்னிஷையும் ஏற்றினால் ஸ்டெயினின் நன்மை மொத்தமும் போயிற்று. வார்னிஷும் படலம்தான், நிறமி இல்லாத படலம், ஆகவே பெயிண்டைவிடச் சீக்கிரம் வெயிலில் வெடிக்கும். ஸ்டெயின் பூசிப் பார்த்தோம், ஒரு மழைக்குத் தாங்கவில்லை என்று குறைப்படுகிறவர்களில் பலர் உண்மையில் குறைப்பட வேண்டியது வார்னிஷைத்தான்.

இதனால் ஸ்டெயினில் குறையே இல்லை என்று ஆகாது. மிதிபடும் இடத்தில் ஒன்று, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கும். இரு மழையும் நேராக அடிக்கும் தளத்தில் ஆண்டுதோறும் என்றே கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. பலகை தரம் குறைந்ததாக இருந்தால் அந்தக் குறை முழுக்க வெளியே தெரியும். கையால் பூசுகிறவர் அளவுக்கு மீறி ஊற்றி, மிஞ்சியதைத் துணியால் துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் போன்ற இயற்கை எண்ணெயில் செய்தது நம் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு உணவாகிக் கரும்புள்ளி விழும். பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதைப் பூசுகிறவர்களிலேயே பலர் அறிவதில்லை. விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

மரத்துக்குள் ஊற வைக்கும் பூச்சு நமக்குப் புதிது அல்ல. கோட்டாற்றிலிருந்து தெற்கேயும் மேற்கேயும் போனால் கடற்கரை. கட்டுமரமும் வள்ளமும் தலைமுறைகளாக ஓடிய கரை. கட்டுமரத்தின் கட்டைகளைக் கரையேறியதும் அவிழ்த்து உலர்த்துவார்கள். நீர் குடிப்பதைத் தடுக்க முடியாது என்று தெரிந்து, உலர வழி வைத்த முறை அது. வள்ளத்துப் பலகைக்கு மீன் எண்ணெயும், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் பூசினார்கள். ஓட்டு எண்ணெயில் உள்ள காட்டமான பொருள்கள் கரையானையும் பூச்சியையும் அண்டவிடாது. வீட்டு உத்தரத்துக்கும் கழிகோலுக்கும் அதையே தேய்த்த வழக்கம் உண்டு. ஆனால் அதையே இன்றைய தளத்துக்கும் பூசுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிறம் கருத்துவிடும், காய நாளாகும், தோலில் பட்டால் புண்ணாகும். அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஊறும் பூச்சைத் திரும்பப் பூசும் வழக்கம் பிற நாட்டிலும் உண்டு. நார்வேயில் 12ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் எழுந்த போர்குண்ட் மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பைன் மரத்திலிருந்து வடித்த தாரை அதற்குத் திரும்பத் திரும்பப் பூசிவருகிறார்கள். ஒருமுறை அடித்துவிட்டு மறந்துவிடும் பூச்சு எந்த நாட்டிலும் இல்லை.

பூச்சை மட்டுமே நம்பக் கூடாது என்பதற்குச் சான்று பக்கத்திலேயே, தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிறது. மன்னர் மார்த்தாண்ட வர்மா 18ஆம் நூற்றாண்டில் விரித்துக் கட்டிய அந்த அரண்மனையில் மரம் இத்தனை காலம் தாங்கியதற்குக் கூரையே முதல் காரணம். செங்குத்தாகச் சரிந்து நீண்டு இறங்கும் ஓட்டுக்கூரை மழையைச் சுவரிலிருந்து விலக்கி விழவைக்கிறது. அழிச் சட்டங்கள் வழியாகக் காற்று ஓடுகிறது. நனைவது குறைவு, நனைந்தாலும் உலர்ந்துவிடுகிறது. அந்த ஆசாரிகளுக்கு மரத்தின் மேல் இருந்த அக்கறை பூச்சு டப்பாவில் கிடைக்காதது. இன்றைக்குத் தளத்தின் மேல் ஒரு சாய்ப்பு இறக்க முடிந்தால், எந்தப் பூச்சானாலும் அதன் ஆயுள் கூடும்.

மரத்தின் வகையும் முடிவை மாற்றும். தேக்கு, அயனி ஆகியவற்றின் வைரப்பகுதி தானாகவே தாங்கும். ஸ்டெயின் அதற்கு அழகு. புதுத் தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பூசுவதற்கு முன் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று ரப்பர் மரத்தை வெளித்தளத்துக்குப் போடுவது வீண் செலவு. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும் மரம் அது. அதற்குக் கொடுக்கும் போரான் மருந்து மழைத்தண்ணீரில் கரைந்து போய்விடும். எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது.

என் தீர்ப்பு இதுதான். நனைகிற, மிதிபடுகிற படுக்கைத் தளத்துக்கு நிறமி சேர்ந்த ஊறும் ஸ்டெயின், மேலே வார்னிஷ் கூடாது. கைப்பிடிக்கும் தூணுக்கும் கூரைக்கடியில் உள்ள மரத்துக்கும் பெயிண்ட் தாராளமாக அடிக்கலாம். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த தளமாக இருந்தால், பெயிண்டைக் கட்டை தெரியும்வரை எடுக்காமல் ஸ்டெயின் பூசிப் பயனில்லை. அது இறங்க வழியே இருக்காது. ஆண்டுக்கொருமுறை இரண்டு நாள் ஒதுக்க முடியாதவர்கள் மரத்தளமே போட வேண்டாம், ஓடு பதிக்கலாம். வெளுத்த மரத்தின் மேல் எந்தப் பூச்சும் நன்றாகப் பிடிக்காது. ஆகவே பலகை வந்து இறங்கிய பின் வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். வடகிழக்கு மழை விட்டு மரம் நன்றாகக் காய்ந்த மாசி, பங்குனியில் பூசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; மரம் அதை உடனே குடித்தால் ஸ்டெயினும் இறங்கும். பெயிண்டரிடம் கூலி பேசும்போதே பலகையின் அடிப்பக்கத்துக்கும் நான்கு ஓரத்துக்கும் வெட்டு முனைக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஸ்க்ரூ முடுக்கிய பிறகு அந்த இடங்களுக்கு யாருடைய பிரஷும் எட்டாது.