அறிவுடை நகரமும் மலையகமும்

‘ஸ்மார்ட் சிட்டி’ என மேனாட்டார் வழங்கும் தொடருக்குச் சீர்மிகு நகரம், பொலிவுறு நகரம், திறன்மிகு நகரம் எனத் தமிழிலே பல மொழிபெயர்ப்புகள் எழுந்துள்ளன. ஒரு பொருளுக்குப் பல பெயர் எழுதல் மொழியின் வளத்தைக் காட்டுவதும் உண்டு. பொருள் இன்னதென்று தெளியப்படாமையைக் காட்டுவதும் உண்டு. இவ்விடத்து நிகழ்ந்தது பின்னையதே என்பது எம் கருத்து. சீர் ஒழுங்கைக் குறிக்கும். பொலிவு தோற்றத்தைக் குறிக்கும். திறன் ஆற்றலைக் குறிக்கும். மூலச் சொல்லின் உயிர்நிலையாகிய அறிவை இம்மூன்றும் கூறாது விட்டன. அவ்வறிவு யாது, அஃது யாரைக் காத்தற்கு உரியது என்பனவற்றை நம் மலையகத்தில் நின்று நோக்குவாம்.

முதற்கண் இக்கொள்கையாளர் கூற்றை நடுநிலையோடு கேட்டல் வேண்டும். நகரின் நீர்க்குழாய், மின்கம்பி, பேருந்து, குப்பைத்தொட்டி ஆகியவற்றில் உணர்கருவிகளைப் பொருத்தி, அவை தரும் செய்திகளை ஓரிடத்தே திரட்டி ஆராய்ந்தால், நீரும் மின்னும் வீணாகா. சுற்றாடலும் கெடாது என்பர். இக்கருத்தைத் தழுவியே இந்திய அரசு 2015ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் 100 நகரங்களுக்கான திட்டத்தைத் தொடக்கியது. மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட 11 தமிழக நகரங்கள் அதில் இடம்பெற்றன. அத்திட்டம் 2025 மார்ச்சு இறுதியில் முடிவுற்றது. பிரேசில் நாட்டின் இரியோ டி செனிரோ நகரிலே 2010 ஏப்ரல் மாத மழையில் குன்றுச்சேரிகள் சரிந்து மக்கள் பலர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் அந்நகரம் செய்திகளைத் திரட்டும் நடுவகம் ஒன்றை நிறுவியது. அடுத்த ஆண்டிலே குன்றுச்சேரிகளில் அபாயச் சங்குகளையும் அமைத்தது. ஆதலின் இக்கொள்கை முற்றும் பகட்டு என்று தள்ளத்தக்கதன்று.

ஆயினும் அதனை அளத்தற்குரிய கோல் யாது? திருவள்ளுவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், மனத்தைப் போன போக்கில் விடாது நன்மையின்பாற் செலுத்துவதையும், வரக்கூடிய தீங்கை முன்னரே உணர்ந்து காத்துக்கொள்வதையும் அறிவின் இலக்கணமாக வகுத்தார். செய்தி திரட்டுவது அறிவின் முதற்படி. காப்பதே அதன் முடிபு. மேலும், நாடு என்னும் அதிகாரத்தில் அவர் நாட்டின் உறுப்புகளை எண்ணுமிடத்து, இருவகை நீரையும் வாய்ப்பான மலையையும் அம்மலையினின்று வரும் ஆற்றையும் அரணோடு சேர்த்து உரைத்தார். மலை நாட்டின் உறுப்பு என்பது அவர் கொள்கை. தலை மட்டும் அறிவுடைத்தாய், பிற உறுப்பு நோவுறின் அவ்வுடலை நலமுடையது என்று யார் கூறுவர்?

இந்த இரண்டு அளவைகளையும் நம் நாட்டில் வைத்து நோக்குவாம். களனி கங்கையின் தலைநீர் நம் மலைகளிற் பிறக்கிறது. அந்நீரே அம்பத்தளையில் எடுக்கப்பட்டுக் கொழும்பு மாநகரின் குழாய்களிற் பாய்கிறது. இம்மலை நீரிலிருந்து மின்னாக்கும் வழியைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக எழுதி வாதிட்டார். 1950இல் இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுஸ்ஸாக்கலை நீரிலே பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றுங்கால் அந்நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் தலைகாட்டுகின்றன. நகரத்து விளக்குக்காகத் தன் ஊரையே ஈந்த மலையில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் கொண்ட லயங்களிலே தலைமுறைகள் பல வாழ்ந்தன. பீலிக்கரையில் வரிசை நின்று நீர் பிடித்தன.

இனி, காத்தல் என்னும் அளவையை நோக்குவாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைமானிகளைக் கொண்டு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு. 100 பெய்யின் ஆயத்தம். 150 பெய்யின் வெளியேற்றம். இது மெய்யாகவே அறிவுசார்ந்த அமைப்பு. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. கருவி அறிந்தது, மண் அசைந்தது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். மீண்டும் 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பலரை விழுங்கின.

மக்கள் ஏன் பெயரவில்லை என வினவுவார்க்கு விடை கருவியில் இல்லை, காணியில் உண்டு. பெயர்ந்து செல்வதற்குத் தனக்கென ஒரு துண்டு நிலம் வேண்டும். தோட்டக் காணிகள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. குடியிருப்போன் கைக்கு எதுவும் வந்திலது. 7 பேர்ச் காணியும் தனிவீடும் வழங்கும் திட்டங்கள் அண்மைக் காலத்தனவே. மேலும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப்பணம் செலவிட இடங்கொடாது நின்றது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்துப் பாதையும் வடிகாலும் சபையின் கணக்கில் வாராமற் போயின. கணக்கில் வாராத வடிகாலை எந்த உணர்கருவி காணும்?

கருவி வேண்டா என்பது எம் துணிபன்று. மழைமானி ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும். எச்சரிக்கை நகரத்துக்கு எட்டும் அதே நேரத்தில் தமிழிலும் லயத்துக்கு எட்டல் வேண்டும். ஆனால் அதைக் கேட்டவுடன் சென்று தங்குதற்கு உறுதியான நிலமும், திரும்பி வந்து வாழ்தற்கு உரிமையான வீடும் அதனினும் முற்பட வேண்டும். கேட்டவன் செயற்பட இயலாத செய்தி அவனுக்கு அறிவாகாது, அச்சமாகவே முடியும்.

ஆகவே, பெயரிடுவார் பொறுமை காட்டுக. சீரும் பொலிவும் திறனும் நகரத்தார் தாமே சூட்டிக்கொள்ளலாம். ‘அறிவுடை நகரம்’ என்னும் பெயரோ, தனக்கு நீரும் ஒளியும் ஈந்த மலையின் கடைசி லயத்து விளக்கும் அச்சமின்றி எரியும் அன்றே அதற்கு உரியதாகும்.